நினைவட்டையும் மடிக்கணினியும்

 

நம் பாட்டன்மார் காலத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர் அந்தக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு கிராணியாரிடமோ பள்ளிக்கூட வாத்தியாரிடமோ போவார். அவர் படித்துச் சொல்வார். இவர் கேட்டுக் கண் கலங்குவார். தமக்குப் படிக்கத் தெரியவில்லை என்பதற்காக, "இந்தத் தாளில் ஒன்றுமே இல்லை" என்று அதை அடுப்பில் போட்டவர் எவரும் இல்லை.

ஆனால் இன்றைக்கு நம் வீட்டில் இருக்கும் சில கணினிகள் அப்படித்தான் சொல்கின்றன. தமக்குப் படிக்கத் தெரியாத ஒன்றைப் பார்த்து, "இதில் ஒன்றுமில்லை, அழித்துவிடட்டுமா?" என்று கேட்கின்றன. நாமும் "சரி" என்று சொல்லிவிடுகிறோம். அதனால் வரும் நட்டம் என்ன, அதிலிருந்து தப்புவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

2016-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் செம்பனைக் காட்டில் வேலை செய்யும் ஒரு தாய், ஒரு நாள் மாலை தம் மகளை அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கணவர் காலமாகி நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய கைப்பேசி தண்ணீரில் விழுந்து கெட்டுவிட்டது. அதற்குள் இருந்த மெமரி கார்டு மட்டும் நல்லபடியாக இருந்தது. நகத்தின் அளவுள்ள அந்த அட்டையை ஒரு தாளில் சுற்றி, முந்தானை முனையில் முடிந்து வைத்திருந்தார்.

"சார், பட்டணத்துக் கடையில் கொடுத்துப் பார்த்தேன். கார்டு காலியாக இருக்கிறது, 20 வெள்ளி கொடுத்தால் ஃபார்மட் செய்து தருகிறேன், மறுபடியும் பாவிக்கலாம் என்றார்கள். எனக்கு மனம் வரவில்லை. அவருடைய படமெல்லாம் அதில்தான் இருக்கிறது" என்றார்.

பள்ளியில் ஒரு பழைய மடிக்கணினி இருந்தது. 2008-இல் வாங்கியது, விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடுவது. அட்டையை அதில் செருகினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது: "இந்த வட்டு ஃபார்மட் செய்யப்படவில்லை. இப்போது செய்யவா?" ஒரு பக்கம் "ஆம்", மறுபக்கம் "இல்லை". கடைக்காரர் சொன்னது சரிதான் போலும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், நேயர்களே, என் விரல் "ஆம்" என்ற பக்கம் போய்விட்டது. ஃபார்மட் செய்தால்தான் அட்டை திறக்கும் என்று அப்போது எண்ணியிருந்தேன்.

பக்கத்தில் நின்ற அந்தச் சிறுமி, "அப்பாவின் போனில் போட்டால் படம் வந்ததே, சார்" என்றாள்.

என் விரல் நின்றது. பத்து வயதுப் பிள்ளை கேட்ட கேள்வியில் எத்தனை பொருள் இருக்கிறது, பாருங்கள்! ஒரு கருவியில் திறந்த அட்டை இன்னொரு கருவியில் திறக்கவில்லை என்றால், குற்றம் அட்டையில்தான் என்று எப்படிச் சொல்வது? "இல்லை" என்பதை அழுத்தி, அட்டையை வெளியே எடுத்தேன். அதன் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

மெமரி கார்டு என்பதை நினைவட்டை என்று சொல்லலாம். இன்று நாம் அதிகம் காணும் வகைக்கு எஸ்.டி. அட்டை என்று பெயர். சான்டிஸ்க், மட்சுஷிதா, தோஷிபா ஆகிய 3 நிறுவனங்கள் சேர்ந்து 1999-இல் இதை அறிவித்தன. கைப்பேசியில் இருக்கும் சிறிய அட்டை மைக்ரோ எஸ்.டி.; அது 2005-இல் வந்தது. இந்தச் சிறிய அட்டையை ஒரு கூட்டுக்குள் செருகினால் பெரிய எஸ்.டி. அட்டை போலவே பயன்படும்.

இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கிறது. எஸ்.டி. அட்டைகள் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். ஆனால் அவற்றில் தலைமுறைகள் உண்டு. முதல் தலைமுறை வெறும் எஸ்.டி.; 2 ஜிகாபைட் வரை கொள்ளும். இரண்டாவது 2006-இல் வந்த எஸ்.டி.எச்.சி.; 32 ஜிகாபைட் வரை கொள்ளும். மூன்றாவது 2009-இல் அறிவிக்கப்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி.; அது 32 ஜிகாபைட்டுக்கு மேல் 2 டெராபைட் வரை போகும். ஒரு டெராபைட் என்பது ஏறக்குறைய ஆயிரம் ஜிகாபைட். எந்தத் தலைமுறை என்பது அட்டையின் முகத்திலேயே அச்சிட்டிருக்கும்.

புதிய கருவி பழைய அட்டையைப் படிக்கும். பழைய கருவி புதிய அட்டையைப் படிக்கும் என்று சொல்ல முடியாது. ஏன்? ரப்பர்க் காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மரத்தைக் காட்ட வேண்டுமானால், முதல் மரத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி, இத்தனையாவது மரம் என்று சொல்லலாம். காடு பெரிதாக இருந்தால் எண் நீண்டுகொண்டே போகும். அதனால் மரத்தை விட்டுவிட்டு, இத்தனையாவது நிரை என்று சொல்வது எளிது. முதல் தலைமுறை அட்டை மரத்துக்கு மரம் எண்ணுவது போன்றது. எஸ்.டி.எச்.சி. வந்தபோது, 512 பைட்டுகளை ஒரு நிரையாக வைத்து நிரைக் கணக்கில் எண்ணத் தொடங்கினார்கள். மரக் கணக்கு மட்டும் தெரிந்த பழைய கருவிக்கு நிரைக் கணக்குப் புரிவதில்லை. புதிய அட்டையைச் செருகினால், ஒன்றும் செருகாதது போலவே இருந்துவிடும்.

இரண்டாவது சிக்கல், அட்டைக்குள் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. ஆபீசில் செக்ரோல் புத்தகத்துக்கு ஒரு கோடு போட்ட முறை உண்டல்லவா? அதுபோல அட்டைக்குள்ளும் ஒரு பதிவு முறை உண்டு. 32 ஜிகாபைட் வரையுள்ள எஸ்.டி.எச்.சி. அட்டைகளில் ஃபாட் 32 என்ற முறை. அதற்கு மேற்பட்ட எஸ்.டி.எக்ஸ்.சி. அட்டைகளில் எக்ஸ்ஃபாட் என்ற முறை. விண்டோஸ் எக்ஸ்பி வெளிவந்தது 2001-இல். எக்ஸ்ஃபாட் முறை அதற்குப் பின்னால் வந்தது. 2009-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் எக்ஸ்பிக்கென்று ஓர் இணைப்பு வெளியிட்டது. அதைச் சேர்க்காத எக்ஸ்பி கணினிக்கு எக்ஸ்ஃபாட் அட்டை வெற்றுத் தாளாகத்தான் தெரியும். அதனால்தான் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்கிறது.

அந்தத் தாய் கொண்டுவந்தது 64 ஜிகாபைட் அட்டை. பள்ளிக் கணினியோ இணைப்புச் சேர்க்காத எக்ஸ்பி. கணினிக்குப் படிக்கத் தெரியவில்லை. அட்டையில் ஒரு குறையும் இல்லை.

இதைத் தெரிந்துகொண்டு, என் சொந்த மடிக்கணினியில் அட்டையைச் செருகினேன். அது விண்டோஸ் 7-இல் ஓடிக்கொண்டிருந்தது. அதை அப்போதுதான் விண்டோஸ் 10-க்கு மாற்றியிருந்தேன். 2015 ஜூலையிலிருந்து ஓராண்டுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்கள். இதில் எக்ஸ்ஃபாட் தெரியும், சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அட்டையைச் செருகினால் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை. திரை சும்மா கிடந்தது.

இது மூன்றாவது சிக்கல். இதற்கு டிரைவர் சிக்கல் என்று பெயர். டிரைவர் என்றதும் லாரி ஓட்டுபவரை நினைக்காதீர்கள். பழைய காலத்துத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவருக்குத் தமிழ் சரியாக வராது. நம் மக்களுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் ஒரு கங்காணி நின்று, அவர் சொன்னதை இவர்களுக்கும், இவர்கள் சொன்னதை அவருக்கும் எடுத்துச் சொன்னார். கணினியில் விண்டோஸ்தான் துரை. அட்டை செருகும் துளைக்குப் பின்னால் இருக்கும் சில்லு வேலையாள். டிரைவர் என்னும் சிறிய நிரலே கங்காணி. பழைய துரை போய்ப் புதிய துரை வந்தபோது, பழைய கங்காணிக்குப் புதியவருடைய பேச்சு புரியாமல் போகலாம். அப்போது வேலையாள் வந்து நின்றாலும் துரைக்குத் தெரியாது. என் கணினியில் நடந்தது அதுதான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. திரையின் கீழே உள்ள ஸ்டார்ட் பொத்தானை வலப்பக்கச் சொடுக்கில் அழுத்தினால் டிவைஸ் மேனேஜர் என்று ஒரு வரி வரும். அதைத் திறந்தால் கணினியின் உறுப்புகள் எல்லாம் பேர்ப் பட்டியல் போல வரிசையாக இருக்கும். எந்த உறுப்பின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி இருக்கிறதோ, அதற்குக் கங்காணி இல்லை அல்லது தகுந்த கங்காணி இல்லை என்று பொருள். கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்தக் கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்தே டிரைவரை இறக்கிக்கொள்ள வேண்டும். இலவச டிரைவர் தருகிறோம் என்று அழைக்கும் மற்ற தளங்களுக்குப் போகாதீர்கள். டிரைவரோடு கிருமி நிரலும் சேர்ந்து வரக்கூடும். இறக்கிப் பதித்த பின் கணினியை ஒரு முறை நிறுத்தித் தொடங்க வேண்டும்.

என்னுடைய பழைய மடிக்கணினிக்கு விண்டோஸ் 10-க்கான டிரைவர் அந்த நிறுவனத்தின் தளத்தில் இல்லை. அப்போது வேறு வழி என்ன? யு.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய கார்டு ரீடர் ஒன்றைப் பட்டணத்தில் 15 வெள்ளிக்கு வாங்கினேன். இந்த வகைக் கருவிகள் எல்லாக் கணினிக்கும் தெரிந்த பொதுமொழியில் பேசுகின்றன. தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. வாங்கும்போது எஸ்.டி.எக்ஸ்.சி. என்று அதன் மேல் அச்சிட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். பழைய ரீடர் கையில் இருந்தால், அது புதிய அட்டையைப் படிக்காமல் போகலாம்.

மறுநாள் மாலை தாயும் மகளும் வந்தார்கள். அட்டையைச் செருகினேன். படங்கள் வரிசையாக வந்து நின்றன. முதல் வேலையாக எல்லாவற்றையும் கணினியில் நகல் எடுத்தேன். அதிலிருந்து ஒரு விரலியில் இன்னொரு நகல் எடுத்தேன். அதற்குப் பிறகே படங்களைத் திறந்தோம். அவற்றில் ஒரு காணொளி. லயத்து வாசலில் அந்தச் சிறுமி சைக்கிள் ஓட்டப் பழகுகிறாள். படம் பிடிப்பவர் அவளுடைய அப்பா. அவர் முகம் தெரியவில்லை. "பயப்படாதே, நேரே பார், நான் இருக்கிறேன்" என்ற குரல் மட்டும் கேட்கிறது. அந்தத் தாய் அதை மூன்று முறை போடச் சொல்லிக் கேட்டார்.

20 வெள்ளி கொடுத்து அழிக்க இருந்தது இந்தக் குரலைத்தான், நேயர்களே.

ஆகவே நான்கு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாய்மார்கள் பிள்ளைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது, "ஃபார்மட் செய்யவா?" என்று எந்தக் கணினி கேட்டாலும் "இல்லை" என்றே சொல்லுங்கள். வேறு இரண்டு கருவிகளில் போட்டுப் பாருங்கள். முன்பு எந்தக் கருவியில் திறந்ததோ, அது இருந்தால் அதிலேயே முதலில் பாருங்கள்.

இரண்டாவது, எஸ்.டி. அட்டையின் இடப்பக்க விளிம்பில் ஒரு சின்னஞ்சிறு தள்ளுபொத்தான் இருக்கும். மைக்ரோ அட்டையைச் செருகும் கூட்டிலும் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் அட்டைக்குப் பூட்டுப் போட்டது போல. படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ முடியாது. தெரியாத கணினியில் போடுமுன் இந்தப் பூட்டைப் போட்டுவிடுங்கள். பெரும்பாலான கருவிகள் அதை மதிக்கும். மதியாத கருவிகளும் சில உண்டு என்பதால், பூட்டை மட்டும் நம்பி "ஆம்" என்று அழுத்திவிடாதீர்கள்.

மூன்றாவது, தவறி ஃபார்மட் செய்துவிட்டால் மனம் உடைய வேண்டாம். அந்த அட்டையில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காமல் அப்படியே வைத்துவிடுங்கள். விரைவு முறையில் ஃபார்மட் செய்திருந்தால் பெரும்பாலும் அட்டவணைதான் அழிந்திருக்கும். படங்கள் உள்ளே இருக்கும். அவற்றை மீட்க ஃபோட்டோரெக் போன்ற இலவச நிரல்கள் உண்டு. புதிதாக எழுத எழுத, பழையவை அழியும்.

நான்காவது, சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அட்டையைக் கைப்பேசியின் சொந்த நினைவகமாகச் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்படிச் சேர்த்த அட்டையைக் கைப்பேசி தன் சாவியால் பூட்டிவிடும். கைப்பேசி கெட்டால் அந்த அட்டை வேறு எந்தக் கருவியிலும் திறக்காது. ஆகவே படங்களை வைத்திருக்கும் அட்டையைத் தனி அட்டையாகவே வைத்திருங்கள். எப்படி வைத்திருந்தாலும் வேறோர் இடத்தில் ஒரு நகல் இருக்கட்டும். அட்டையும் ஒரு நாள் கெடும் பொருள்தானே?

அன்பர்களே, என் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை ஒருபோதும் "புத்தகத்தில் ஒன்றுமில்லை" என்று சொன்னதில்லை. "எனக்குத் தெரியவில்லை, சார்" என்றுதான் சொல்லும். கணினிக்கு அந்த வார்த்தை வராது. அதற்காக நாம்தான் சற்றுப் பொறுத்து, இன்னோரிடத்தில் கேட்டுப் பார்க்க வேண்டும். அன்றைக்கு என் விரலை நிறுத்திய சிறுமி இப்போது வளர்ந்து பட்டணத்தில் மேற்படிப்புப் படிக்கிறாள். அவள் கேட்டது போல, "முன்பு வந்ததே, இப்போது ஏன் வரவில்லை?" என்று நீங்களும் கேளுங்கள். கேட்ட பிறகு அந்தப் பொத்தானைத் தொடுங்கள்.