அறுவடைக் குறிப்பேடும் அடுத்த பட்டமும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



பதிவேடு என்றாலே நமக்குச் சற்று அலுப்புதான். இன்று நான் பேச வந்தது எந்த அலுவலரும் கேட்காத ஒரு பதிவேட்டைப் பற்றி. அது வீட்டுத் தோட்டத்தின் அறுவடைக் குறிப்பேடு.

என் வீட்டுக் கொல்லையில் நான்கு பாத்திகள் உள்ளன. ஒவ்வொன்றும் 20 சதுர அடி. ஒரு நோட்டில் தேதி, காய், எடை, குறிப்பு என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். பறித்ததும் தராசில் வைத்து எழுதிவிடுவேன். ஒரு நிமிட வேலை.

சென்ற ஆடிப்பட்டத்தில் ஒரு பாத்தியில் கத்தரி 9 கிலோ, மற்றொன்றில் வெண்டை 6 கிலோ கிடைத்தது. கத்தரிதான் நல்ல விளைச்சல் என்றார்கள் வீட்டில். குறிப்பேட்டைப் புரட்டினோம். கத்தரி பாத்தியில் 180 நாள் இருந்திருக்கிறது. வெண்டை 100 நாள்தான். கணக்குப் போட்டால், சதுர அடிக்கு ஒரு நாளில் கத்தரி இரண்டரை கிராம், வெண்டை 3 கிராம். மொத்த எடை சொல்லாததை நாள்கணக்கு சொன்னது.

வெண்டை மூன்று வாரம் வேண்டிய மட்டும் காய்த்து, பிறகு குறைந்ததும் அதில் தெரிந்தது. இம்முறை பாதி விதையை முதலிலும் மீதியை மூன்று வாரம் கழித்தும் ஊன்றப் போகிறேன். கத்தரி நின்ற பாத்தியில் தக்காளியோ மிளகாயோ வைக்கமாட்டேன். மூன்றும் ஒரே குடும்பம். வாடல் நோயும் நூற்புழுவும் மண்ணிலிருந்து தொடரும். அங்கே கொத்தவரை போடுவேன். அதன் வேர்முடிச்சுகளிலுள்ள ரைசோபியம் காற்றிலுள்ள நைட்ரஜனை நிலைப்படுத்தும்.

வகுப்பறைக்கு இதில் எவ்வளவோ இருக்கிறது. தொடக்க வகுப்பில் கிராமைக் கிலோவாக்கலாம். நடுநிலையில் வாரச் சராசரியும் பட்டை வரைபடமும். உயர்நிலையில் தாவரக் குடும்பம், பயிர்ச்சுழற்சி. இடமில்லாத வீட்டுக்கு ஒரு பழைய வாளி போதும். முளைக்கீரை விதைத்தால் ஒரு மாதத்துக்குள் முதல் எடையை எழுதிவிடலாம்.

குறிப்பேட்டைக் கொடுக்கும்போதே பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: எடைக்கு மதிப்பெண் கிடையாது. அப்படிச் சொல்லாவிட்டால் எல்லா வாளியிலும் அரைக்கிலோ காய்த்துவிடும்!

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாளியில் தக்காளி வைத்தாள். வாரா வாரம் எடைக் கட்டத்தில் பூஜ்யம். ஆனால் குறிப்புக் கட்டம் நிறைந்திருந்தது: "பூ உதிர்ந்தது", "மதியம் சுவர் சுடுகிறது", "இன்றும் பூ உதிர்ந்தது". கடைசிப் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்: "அடுத்த தடவை கார்த்திகையில் நடுவேன். வெயில் வருவதற்குள் காய்த்துவிடும்." கடும் வெயிலில் தக்காளிப் பூ உதிரும் என்பதை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளுடைய பூஜ்யங்கள் சொல்லித் தந்தன.

விளையாததையும் விளையாதது என்றே அச்சமின்றி எழுதும் பிள்ளைதான் அடுத்த பட்டத்தைச் சரியாகத் திட்டமிடும். அந்த அச்சத்தைப் போக்குவது நம் கையில் இருக்கிறது. வரும் பட்டத்தில் உங்கள் வகுப்பிலும் ஒரு நோட்டைத் தொடங்குங்கள். முதல் பூஜ்யத்தை எழுதும் பிள்ளையைப் பாராட்டுங்கள்.