கையுறையைக் கழற்றக் கற்றல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



தொண்டின் பெருமையை எமக்கு முன் பேசியவர்கள் நன்றாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆதலின் நாம் கையுறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தயவு செய்து நகைக்க வேண்டாம்.

சென்ற விடுமுறையில் முதலுதவி வகுப்பொன்றிற்குச் சென்றிருந்தோம். ஆசிரியர் எங்கள் கையுறைகளின் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசி, "இது இரத்தம், இனிக் கழற்றுங்கள்" என்றார். ஒன்பது பேர் கழற்றினோம். ஏழு பேரின் மணிக்கட்டிலே சாயம், ஒருவர் கன்னத்திலுங்கூட! அணியும்போது எவரும் பிழை விடவில்லை. ஒரு கையுறையின் விளிம்பை வெளிப்புறமாகக் கிள்ளி, உட்புறம் வெளிவர உரித்து, அதை மற்றக் கைக்குள் சுருட்டி, பின்னர் வெறும் விரலை அடுத்த கையுறையின் உள்ளே நுழைத்து உரிக்க வேண்டும். சொல்ல இவ்வளவுதான். கை பழக எமக்கு ஒரு பகல் சென்றது. முழு உடுப்பானால் முதலில் கையுறை, பின் கண்ணாடி, மேலங்கி, கடைசியாக முகக்கவசம், அதையும் நாடாவைப் பிடித்தே. உடனே கை கழுவுதல்.

இத்தனை ஆரவாரம் எதற்கு என்பீர்கள். 2014ஆம் ஆண்டிலே மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்நோயால் மாண்ட சுகாதாரப் பணியாளர் மட்டும் 500இற்கு மேல். சியெராலியோனில் அந்நோய்க்குச் சிகிச்சையளித்து வந்த வைத்தியர் ஷேக் உமர் கான் அவர்களும் அதனாலேயே இறந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்காவின் டலஸ் நகரிலே, காப்புடை அணிந்து ஒரு நோயாளரைப் பராமரித்த தாதியர் இருவரை நோய் பற்றியது. நல்ல வேளை, பிழைத்தனர். அதன் பின்னரே அந்நாட்டார் விதியைத் திருத்தி, பலமுறை பழகியவரே நோயாளரை அணுகலாம், அணிவதையும் கழற்றுவதையும் பயிற்சி பெற்ற இன்னொருவர் அருகில் நின்று பார்க்க வேண்டும் என்றனர். உடையை வாங்குவது இலகு. பழக்கத்தை வாங்க முடியாது.

ஆஸ்பத்திரியிலாவது நோய் இன்னதென்று சிலவேளை தெரிந்திருக்கும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் ஓடி வரும் சுவசெரிய அம்புலன்ஸ், 2018இல் வடக்கிற்கும் வந்தது. அதில் வருபவருக்கு வீதியில் கிடப்பவரின் நோய் எப்படித் தெரியும்? எனவே எல்லோருடைய இரத்தத்தையும் நோயுள்ளதாகவே கொள்ள வேண்டும். தடுப்பூசி ஏற்றாதவரை ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ளவரின் ஊசி குத்தினால், 100 பேரில் 6 முதல் 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். எச்.ஐ.வி. ஆயின் 1000இல் 3 பேரளவே. ஆனால் மக்கள் அஞ்சுவது பின்னதற்கே! பாவித்த ஊசிக்கு மூடியிட முயல்வதே பலருக்கு வினையாகிறது. நோயாளரைத் தொட்ட கையுறையோடு சாரதி ஆசனத்தில் ஏறுவதும் அத்தகையதே. பின்னர் சுக்கான், கதவு, தொலைபேசி எல்லாவற்றிலும் அக்கை படும்.

பெரியவர் ஒருவர் எம்மிடம் கேட்டார்: "தம்பி, அடிபட்டுக் கிடப்பவனைத் தொடக் கையுறை தேடுவது அவனை அருவருப்பதாகாதா?" நியாயமான கேள்வி. எமக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் அக்கை அடுத்த நோயாளரையும் தொடும். இரவிலே வீட்டில் தாயாரின் சோற்றுக் கோப்பையையும் தொடும் அல்லவா? அதை ஐயாவிடம் சொன்னோம். அவர் மறுக்கவுமில்லை, ஒப்பவுமில்லை.

மாரி வருகிறது. வெள்ளத்தில் ஆட்களைத் தூக்க முதலில் இறங்குபவர்கள் எம் இளைஞர்களே. எலிக்காய்ச்சற் கிருமி காலிலுள்ள சிறு கீறல் வழியே புகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அது உயிர்களைக் கொண்டதை இங்குள்ளோர் மறந்திருக்கமாட்டீர்கள். இறங்குமுன் புண்ணை நீர் புகாமல் மூட வேண்டும், சப்பாத்து வேண்டும், தடுப்பு மருந்தைச் சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையில் கேட்டு முன்னதாகவே உட்கொள்ள வேண்டும்.

நேற்று எம் சங்கத்து முதலுதவிப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பஞ்சுச் சுருள் இரண்டு, துருவேறிய கத்தரிக்கோல் ஒன்று, கையுறை ஒரேயொரு சோடி. பொருளாளர் ஐயா முன்வரிசையில் இருக்கிறார்கள். பழகுவதற்கென்றே ஐந்து பெட்டி கையுறையும் ஒரு போத்தல் சிவப்புச் சாயமும் வேண்டும். வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மண்டபத்தில் தொடங்குகிறோம்.