வெட்டுப்புள்ளி இல்லாத வாசல்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர்கள் மேடையேறினால் நீரிழிவு, இரத்த அழுத்தம் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நவெம்பர், டிசெம்பர் மாதங்களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் தோழிகளிடமிருந்து எங்களுக்கு வரும் அழைப்புகள் வேறு. “பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை, சாப்பிடுதில்லை” என்று தொடங்கி, அமெரிக்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போய் முடியும். ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுகிறோம்.

நாங்கள் உயர்தரப் பரீட்சை எழுதியபோது நான்கு பாடங்கள். பெறுபேறு வந்ததும் மொத்தப் புள்ளியை மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். 2001இலிருந்து இசட் புள்ளி வந்தது. அந்த முறைகளில் நியாயமும் அநியாயமும் கலந்திருந்தன; எழுபதுகளின் தரப்படுத்தலை எங்கள் அம்மாமார் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் கோடு எங்கே இருக்கிறதென்று தெரிந்தது. மருத்துவபீடம் தவறினால், இத்தனை புள்ளியால் தவறியது என்று சொல்லி அழ முடிந்தது.

ஹார்வர்ட், யேல் போன்ற இடங்களில் அப்படி ஒரு கோடு இல்லை. பரீட்சைப் புள்ளி, கட்டுரை, ஆசிரியர் தரும் கடிதம், விளையாட்டு, குடும்பப் பின்னணி எல்லாவற்றையும் பார்த்து ஒரு குழு முடிவெடுக்கிறது. கிடைக்காத பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை.

இதில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் வழி ஒன்று உண்டு. பெரும்பாலும் நவெம்பர் 1 கடைசி நாள். டிசெம்பர் நடுப்பகுதியில் முடிவு வரும். கொலம்பியா, பிரவுண், கோர்னெல், பென்சில்வேனியா போன்றவற்றில் இருப்பது ‘ஏர்லி டிசிஷன்’. ஓரிடத்துக்குத்தான் இப்படிப் போடலாம், கிடைத்தால் அங்கேதான் போகவேண்டும். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டில் இருப்பது ‘ஏர்லி அக்ஷன்’. கிடைத்தாலும் போகவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் பொதுவாக வேறு தனியார் பல்கலைக்கழகங்களுக்கு முன்கூட்டிப் போடமுடியாது. எப்படியும் பதினேழு வயதுப் பிள்ளை ஒரே ஒரு பெயரைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது. பதற்றம் அங்கேதான் தொடங்குகிறது.

2024இல் சேர்ந்த பிரிவுக்கு ஹார்வர்டில் முன்கூட்டி விண்ணப்பித்தோர் 7,921 பேர். டிசெம்பரில் அனுமதி கிடைத்தது 692 பேருக்கு. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 9. அவ்வாண்டின் மொத்தக் கணக்கு 54,008 பேரில் 1,937; நூற்றுக்கு 4க்கும் குறைவு. உடனே வட்ஸ்அப் குழுக்களில், “முன்கூட்டிப் போட்டால் இரண்டு மடங்கு வாய்ப்பு” என்று செய்தி பரவுகிறது.

ஒரு வைத்தியசாலையில் கூடுதலானோர் குணமாகிறார்கள் என்றால் வைத்தியர்களாகிய நாங்கள் முதலில் கேட்பது, அங்கே போகிறவர்கள் எப்படிப்பட்ட நோயாளர்கள் என்பதைத்தான். இங்கும் அதே கேள்வி. பல்கலைக்கழகமே தேடிப் பிடித்த விளையாட்டு வீரர்களும், அங்கே படித்த பெற்றோரின் பிள்ளைகளும் முன்கூட்டி விண்ணப்பிப்போரிடையே கூடுதலாக இருக்கிறார்கள். 2018இல் ஹார்வர்டுக்கு எதிரான வழக்கில் வெளிவந்த தரவுகளின்படி, அத்தகைய வீரர்களில் 86 வீதமானோருக்கும் பழைய மாணவரின் பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினருக்கும் அனுமதி கிடைத்திருந்தது. இவர்களைக் கழித்துப் பார்த்தால் உங்கள் மகளின் வாய்ப்பு அந்த 9 அல்ல.

அதற்காக முன்கூட்டி விண்ணப்பிப்பதில் பயனே இல்லை என்றும் சொல்லமுடியாது. அவெரி, ஃபெயார்பாங்க்ஸ், செக்கவுசர் ஆகிய மூவர் 2003இல் வெளியிட்ட நூலில், ஒத்த தகைமை உள்ளோரை ஒப்பிட்டு, முன்கூட்டி விண்ணப்பிப்பது எஸ்.ஏ.டி. பரீட்சையில் ஏறத்தாழ 100 புள்ளி கூடுதலாக எடுத்ததற்குச் சமம் என்று கண்டார்கள். ஆனால் வசதி உள்ள குடும்பங்களுக்கே இந்த வழி இலகு. அதனால்தான் ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் 2006இல் இதைக் கைவிடுவதாக அறிவித்தன. 2011இல் மீண்டும் கொண்டுவந்தன.

ஆகவே ‘ஏர்லி டிசிஷன்’ விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் காசுக் கணக்கைப் பாருங்கள். கட்டாய அனுமதி கிடைத்தபின், நாலு இடத்து நிதியுதவியை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. தரும் உதவி போதாவிட்டால் விலகலாம் என்பது உண்மை. ஆனாலும் மகிழ்ந்து நிற்கும் பிள்ளையிடம் அதைச் சொல்வது எவ்வளவு கடினம்! அங்கே பல்கலைக்கழக இணையத்தளங்களில் குடும்பச் செலவைக் கணிக்கும் வசதி இருக்கிறது. ஒக்டோபரிலேயே பிள்ளையோடு இருந்து அதைப் போட்டுப் பாருங்கள்.

டிசெம்பரில் ‘ஒத்திவைப்பு’ என்று பதில் வந்தால் அது மறுப்பு அல்ல. விண்ணப்பத்தை மார்ச் மாதத்தில் முடிவு வருபவர்களோடு சேர்த்து மீண்டும் பார்ப்பார்கள். ஹார்வர்டில் டிசெம்பரில் கிடைக்காதவர்களில் பெரும்பாலானோருக்கு இந்தப் பதில்தான் வருகிறது. மற்ற விண்ணப்பங்களை அதற்கு முன்பே எழுதி வைத்திருந்தால், அந்தக் கிழமையில் பிள்ளை அழவும் நித்திரை கொள்ளவும் நேரம் இருக்கும்.

அந்த வாசல் திறக்காவிட்டால் வாழ்க்கை என்னாகும்? டேல், குரூகர் என்ற ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தரத்து மாணவரில் பேர்பெற்ற இடத்துக்குப் போனவரும் போகாதவரும் பின்னாளில் ஏறத்தாழ ஒரே அளவில்தான் சம்பாதித்தனர். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் பயன் தெரிந்தது. 2023இல் செட்டி, டெமிங், ஃபிரீட்மன் செய்த ஆய்வும் சராசரி வருமானத்தில் பெரிய வேறுபாடு காணவில்லை. ஆனால் நாட்டின் உச்ச 1 வீத வருமானம் பெறுவோருள் சேரும் வாய்ப்பு கூடியிருந்தது. அந்த இடங்களால் பயனே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பிள்ளையின் நித்திரையைக் கொடுத்து வாங்கும் அளவுக்குப் பயன் இல்லை என்றுதான் சொல்கிறோம்.

தாய்மாருக்கு ஒரு சொல். 1995 ஒக்டோபரில் புத்தகப் பையோடு தென்மராட்சிக்கு நடந்த வகுப்பு எங்களுடையது. குப்பி விளக்கில் படித்தோம். “நாங்கள் அப்படிப் படித்தோம், உனக்கு என்ன குறை?” என்று கேட்க வாய் வரும். கேட்காதீர்கள். எங்களுக்கு வெளியே இருந்த பயம் அவர்களுக்கு உள்ளே இருக்கிறது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை குழம்பினாலோ, சாப்பாடு வெறுத்தாலோ, சிநேகிதரை விட்டு ஒதுங்கினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். “நான் இருந்து என்ன பயன்” என்ற வார்த்தை வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பிள்ளையைத் தனியே விடாமல் உடனே கூட்டிக்கொண்டு போங்கள்.

எங்களுக்கு உயிரியல் படிப்பித்த ஆசிரியைகளில், மருத்துவபீடத்தைச் சில புள்ளிகளால் தவறவிட்டவர்களும் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் எங்கள் வகுப்பிலிருந்து இத்தனை வைத்தியர்கள் வந்திருக்க முடியாது. இந்த நூறு ஆண்டுக் கதையில் அவர்களுக்குப் பெரிய இடம் உண்டு.

நிறைவாக, எங்கள் சங்கக் கிளைகளிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஒவ்வோர் ஒக்டோபரிலும், இந்த வழியைக் கடந்துவந்த பிள்ளைகளை, கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும், புதிதாக விண்ணப்பிக்கும் பிள்ளைகளோடு பேசவிடுங்கள். மற்றது, டிசெம்பர் ஒன்றுகூடலில் எந்தப் பிள்ளையிடமும் “எங்கே கிடைத்தது?” என்று கேட்காதிருப்போம். “சாப்பிட்டியா மோளே?” என்று கேட்டால் போதும்.