ஊதச் சொல்வது யாரை?



உடலுழைப்புத் தொழிலிடங்களில் மதுவும் போதைப்பொருளும், அவற்றைக் கண்டறியும் பரிசோதனையும் என்பதே இம்மாநாட்டின் பொருள். அதைப் பேசப் பட்டிப்பொலயைத் தேர்ந்தெடுத்த அமைப்பாளர்களுக்கு நன்றி. கடல்மட்டத்திலிருந்து 1890 மீற்றருக்கும் மேலே, இந்நாட்டின் மிக உயரமான புகையிரத நிலையம் இங்கேதான் இருக்கிறது. இன்ஜின் ஓட்டுபவர், தண்டவாளம் பார்ப்பவர், அம்பேவெல பண்ணையில் மாடு கறப்பவர், கோவா, லீக்ஸ் பாத்திகளில் மருந்தடிப்பவர், கீழே இறங்கினால் கொழுந்தெடுப்பவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பவர் என்று நாம் பேசப்போகும் மனிதர்கள் அனைவரும் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள்.

இங்கே வந்து இறங்கியதும் காதில் விழும் முதல் விளக்கம், "இந்தக் குளிருக்குக் குடிக்காமல் என்ன செய்வார்கள்?" என்பது. படித்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். உள்ளே போன மது தோலின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது. மேலுக்குக் கதகதப்பாகத் தெரியும் அந்த நேரத்தில்தான் உடல் தன் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கிறது. இதைவிட வலுவான மறுப்பு நம் கண்முன்னே இருக்கிறது. அதே பனியில் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு நனைந்தபடி கொழுந்தெடுக்கும் பெண்களில் பெரும்பாலோர் குடிப்பதில்லை. ஆகவே குளிரை விட்டுவிட்டு வேறு காரணத்தைத் தேடுவோம்.

மது மலைக்கு வந்த வழி வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கோப்பிக் காலத்தில் குடியேற்ற அரசு, சாராயம் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு ஏலம் விட்டது. அரசின் பெரிய வருமானங்களில் அது ஒன்று. குத்தகை எடுத்தவர்கள் அதில் குவித்த செல்வம் இலங்கையின் மேட்டுக்குடியை உருவாக்கிய விதத்தை மைக்கேல் றொபேட்ஸ் 1982இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். கையில் காசு புழங்கும் ஆண்கள் கூட்டமாக வாழும் இடம் எங்கே என்று பார்த்துத்தான் வியாபாரி தவறணை வைப்பான். தோட்டத்து லயங்களைவிட அதற்கு வாய்ப்பான இடம் எது? அரசுக்கு வரி கிடைத்தது, குத்தகைக்காரனுக்கு இலாபம் கிடைத்தது, தோட்டத்துக்கோ கடன் தீராமல் மலையை விட்டுப் போக முடியாத ஆள் கிடைத்தான். கடனைச் சுமத்தி ஆளைக் கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது.

கூலியோடு மதுவைப் பிணைத்தது இங்கே மட்டுமல்ல. தென்னாபிரிக்காவின் மேற்குக் கேப் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பங்கை வைனாகவே கொடுத்தார்கள். டொப் முறை என்று அதற்குப் பெயர். சட்டம் தடுத்த பிறகும் அது நெடுநாள் நீடித்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறந்த பிள்ளைகளின் வடிவில் அதன் விளைவை அங்குள்ள வைத்தியர்கள் இன்றும் பார்க்கிறார்கள். இங்கிலாந்தில் மதுக்கடைக்குள் வைத்துக் கூலி கொடுப்பதை 1883இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். தம் நாட்டுத் தொழிலாளிக்கு இது கேடு என்று தெரிந்திருந்த அதே ஆட்சியாளர்கள்தான் இங்கே தவறணையை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

1912இல் கலால் சட்டம் வந்தபோது தென்னிலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெரிதாக எழுந்தது. அதன் முன்னணியில் நின்றவர்களில் டி. எஸ். சேனநாயக்காவும் ஒருவர். அவர் பிரதமராக இருந்த ஆட்சியே 1948இல் நம் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது. மறு ஆண்டில் வாக்கும் போயிற்று. எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது. ஒரு தவறணையை மூடச் சொல்லவும் வாக்கு வேண்டும். அது இல்லாத மக்களின் வாசலில் கடை திறப்பது எளிது. இந்த வரலாற்றை விட்டுவிட்டு, "தோட்டத்து ஆண்கள் குடிகாரர்கள்" என்று தொடங்கும் கட்டுரை எதையும் என்னால் ஏற்க முடியாது. இம்மாநாட்டில் அப்படி ஒன்று வாசிக்கப்பட்டால் எழுந்து மறுப்பேன் என்று இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பரிசோதனைக்கு வருவோம். கருவி வருமுன்பே மலையில் பரிசோதனை இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி வரிசையாக வருவார். ஒருவன் முகத்தருகே நின்று, "வாயை ஊதுடா" என்பார். மணம் அடித்தால், "இன்னைக்குப் பேர் இல்லை, லயத்துக்குப் போ." அவ்வளவுதான். பிடித்தவனுக்கு மணம் அடிக்காது, பிடிக்காதவனுக்கு அடிக்கும். அந்த மூக்கின் இடத்தில் இப்போது ஊதுகருவி வரப்போகிறது என்றால் அதை முழுமனதாக வரவேற்பேன். கருவிக்குச் சாதியும் சங்கமும் தெரியாது. ஆனால் அதன் முடிவும் நேரே பேர்ப் பதியும் புத்தகத்துக்கே போகுமானால், பழைய கங்காணியே புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறார் என்றுதான் கொள்வேன்.

பேர் போவது, அதாவது ஒரு நாள் கூலி போவது, சின்ன விஷயமல்ல. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்கூலி 730 ரூபாவாக இருந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே. 60 ரூபா வருகைக்கு, 140 உற்பத்திக்கு, 30 விலைப்பங்குக்கு. குறித்த அளவு நாட்கள் வராதவருக்கு வருகைப் படி கிடைக்கவில்லை. இப்படி அடுக்கிய கூலியில் ஒரு நாளை இழப்பவர் அந்த நாளை மட்டும் இழப்பதில்லை. குடித்தவனைத் திருப்பி அனுப்பிய தண்டனையை அவன் மனைவியும் பிள்ளைகளும்தான் சாப்பாட்டுத் தட்டில் காண்கிறார்கள். அவன் தவறணையில் கடன் சொல்லி மறுநாளும் குடிப்பான்.

ஊதுகருவியால் மெய்யான நன்மை ஒன்று உண்டு. அதைத் தொழிலாளருக்கு நாம் விளக்கிச் சொல்வதே இல்லை. இரத்தத்திலிருந்து மது சராசரியாக மணிக்கு, 100 மில்லிலீற்றருக்கு 15 மில்லிகிராம் வீதம்தான் குறைகிறது. இரவு 11 மணிக்கு 200 மில்லிகிராம் இருந்தவருக்குக் காலை 6.30 மணிப் பெரட்டில் 90க்குக் கிட்ட இருக்கும். இந்நாட்டில் வாகனம் ஓட்டுபவருக்குச் சட்டம் வைத்த வரம்பு 80. அவரோ தூங்கி எழுந்து, பீலியில் முகம் கழுவி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார். தான் தெளிவாக இருப்பதாக உண்மையாகவே நம்புகிறார். கையில் கவ்வாத்துக் கத்தி. அல்லது ரோலர் சுற்றும் இடத்தில் வேலை. அவர் விரல்களைக் காப்பாற்ற அந்தக் கருவியால் முடியும், அன்றைக்கு அவரை வேறு வேலைக்கு மாற்றிப் பேரும் போடும் மனம் நிர்வாகத்துக்கு இருந்தால்.

பிறர் உயிரைக் கையில் வைத்திருப்பவரின் கதை வேறு. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு பயணிகள் ரயில் சரக்கு இன்ஜின்களில் மோதி 16 பேர் இறந்தனர். அந்தச் சரக்கு இன்ஜின்களை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தது தெரியவந்தது. 1991இல் அங்கே போக்குவரத்துத் தொழிலாளருக்குப் பரிசோதனையைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. இந்த மலைப்பாதையின் வளைவுகளில் ரயிலோ பஸ்ஸோ கொழுந்து லொறியோ ஓட்டுபவர் ஊதிவிட்டு ஏறட்டும். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் அந்த நியாயத்தைப் புல் வெட்டுபவர்மீதும் கொழுந்தெடுப்பவர்மீதும் போர்த்துவதை ஏற்கமாட்டேன். சிறுநீர்ப் பரிசோதனையில் இன்னும் கவனம் வேண்டும். கஞ்சாவின் எச்சம் நாட்கணக்கில், நெடுநாள் புகைத்தவரிடம் வாரக்கணக்கில் சிறுநீரில் இருக்கும். வேலை நேரத்தில் அவர் போதையில் இருந்தாரா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது. 2022இல் ஐஸ் போதைப்பொருளுக்கான தண்டனைகளைச் சட்டம் மிகக் கடுமையாக்கிய பிறகு, ஒரு தோட்ட அலுவலகத்து மேசையில் கிடக்கும் பரிசோதனைத் தாள் யார் யார் கைக்குப் போகும் என்பதும் சிறு கேள்வியல்ல. லயங்களில் இளைஞர்களை ஐஸ் தொடத் தொடங்கியிருப்பது எல்லோருக்கும் தெரியும். வைத்தியரிடம் போனால் பொலிஸுக்குப் போகும் என்று அவர்கள் அஞ்சினால், நமக்குத் தெரியவருவது சாவு விழுந்த பிறகாகத்தான் இருக்கும்.

நான் நெடுநாளாக மனத்தில் சுமக்கும் காட்சி ஒன்றைச் சொல்கிறேன். மருந்தடிப்பவர் முதுகில் பதினாறு லீற்றர் தாங்கி. மூடி சரியாக இறுகாமல் முதுகெல்லாம் நனைந்திருக்கும். கையுறை கிடையாது. வாய்க்குத் துணி. காற்று திரும்பினால் முகத்தில் அடிக்கும். நண்பகலுக்குள் தலைவலி, வியர்வை, கண் மங்கல், கால் தடுமாற்றம். மேலே பாதையில் நிற்பவர் பார்த்துவிட்டு, "காலையிலேயே போட்டுட்டு வந்திட்டான்" என்கிறார். ஊதச் சொன்னால் கருவி பூச்சியம் காட்டும். சில வகைப் பூச்சிமருந்துகள் நரம்பைத் தாக்கும்போது ஆள் குடித்தவனைப் போலவே தள்ளாடுவான். அந்த நஞ்சு உடலில் எவ்வளவு வேலை செய்திருக்கிறது என்பதை இரத்தத்தில் கோலினெஸ்டெரேஸ் அளவைப் பார்த்து அறியலாம். மருத்துவம் பல பத்தாண்டுகளாக அறிந்த பரிசோதனை அது. மருந்தடிப்பவருக்கு அதைத் தவறாமல் செய்யும் தோட்டத்தையோ பண்ணையையோ நான் இதுவரை பார்த்ததில்லை.

தொழிலாளி உடம்பிலிருந்து ஒரு துளி எடுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு என்றால், நிர்வாகம் அந்த உடம்புக்குள் என்ன ஏற்றியிருக்கிறது என்று அதே துளியில் பார்க்கத் தொழிலாளிக்கும் உரிமை உண்டு. இரண்டில் ஒன்றை மட்டும் பார்ப்பதற்குத் தொழிலிடப் பாதுகாப்பு என்று பெயர் சூட்ட வேண்டாம். சர்வதேசத் தொழில் அமைப்பின் 1996ஆம் ஆண்டு நடைமுறைக் கோவை, மதுவையும் போதையையும் வேறெந்த நோயையும் போலப் பாகுபாடின்றி நடத்தச் சொல்கிறது. இங்கே கட்டுரை வாசிப்பவர்கள் அந்தக் கோவையை மேற்கோள் காட்டுவதோடு நின்றுவிடாமல், தோட்டத்து டிஸ்பென்சரியில் அதை யார் செய்வது, குடியை விட விரும்புபவருக்கு விடுப்பு யார் தருவது, அந்நாட்களின் கூலிக்கு யார் பொறுப்பு என்று எழுதித் தாருங்கள். வீதியில் இறங்கித் தவறணை வேண்டாம் என்று போராடிய பெண்களிடமும் கேளுங்கள். எந்தக் கடை எத்தனை மணிக்குத் திறக்கிறது, சம்பள நாளில் யார் வாசலில் காத்து நிற்கிறார், கசிப்பு எந்தப் பள்ளத்திலிருந்து வருகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

முதல் அமர்வில் கட்டுரைகளுக்கு முன்பாக மருந்தடிப்பவர் இருவரும் தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் ஒருவரும் பேச இசைந்திருக்கிறார்கள். அவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் யாரும் குறிப்பெடுக்க வேண்டாம். பேசியதற்காக நாளைக்கு அவர்கள் பேர் போய்விடக் கூடாது. அவர்கள் முடிக்கும்வரை நேரம் முடிந்ததென்று மணி அடிக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவரைக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடக்கி வைக்கிறேன்.