புள்ளி சேர்ந்தால் காடி வருமா?



ஜோகூர் பாருவில் வார இறுதியில் பேரங்காடிக்குப் போகிறவர்களுக்கு இது பழகிய காட்சி. நடுக்கூடத்தில் பளபளவென்று ஒரு புதிய கார் நிற்கும். சற்றுத் தள்ளி ஒரு வங்கியின் மேசை. இந்த அட்டையில் செலவு செய்தால் புள்ளி கிடைக்கும், ரொக்கம் திரும்பும், நாளைக்குக் கார் வாங்க உதவும் என்று இனிக்க இனிக்கப் பேசுவார்கள். மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த இளம் தம்பதி, கைக்குழந்தையோடு நின்று கேட்பார்கள். மழையில் நனையாமல் குழந்தையைக் கொண்டு போக ஒரு காடி வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது?

கார் விலை 50,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் கொள்முதல் சட்டப்படி முன்பணம் பத்தில் ஒரு பங்கு, அதாவது 5,000 ரிங்கிட். அந்தத் தம்பதி மளிகை, எண்ணெய், தொலைபேசிக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரிங்கிட்டை அட்டையில் செலுத்துகிறார்கள். செலவில் ஒரு விழுக்காடு திரும்பக் கிடைத்தால் மாதம் 15 ரிங்கிட், ஆண்டுக்கு 180. முன்பணம் மட்டும் சேர ஏறக்குறைய 28 ஆண்டுகள் ஆகும். கைக்குழந்தைக்கே அதற்குள் கல்யாணம் ஆகிவிடும்!

கார் வாங்குவதற்கென்றே வந்த அட்டைகளும் உண்டு. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் அப்படி ஓர் அட்டையை வெளியிட்டது. செலவில் 5 விழுக்காடு கணக்கில் சேரும். ஆண்டுக்கு 500 டாலர், ஏழு ஆண்டுகளில் 3,500 டாலர் என்பது உச்சவரம்பு. ஆனால் அந்தத் தொகையை அதே நிறுவனத்தின் புதிய காருக்கு மட்டும்தான் கழிக்க முடியும். கடைக்காரர் வங்கிக்குக் கொடுக்கும் சிறு கழிவிலிருந்து மட்டும் 5 விழுக்காடு கொடுத்துக் கட்டுப்படியாகாது. கார் நிறுவனம் கை கொடுத்ததால்தான் அது முடிந்தது. அடுத்த ஆண்டே சிட்டிபேங்க்குடன் சேர்ந்து அதே வழியில் இறங்கிய ஃபோர்ட், 1997ல் திட்டத்தை நிறுத்திக்கொண்டது. வாரிக் கொடுப்பது நெடுநாள் நிற்காது என்பதை வாடிக்கையாளர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள்.

சரி, அட்டைகளை எப்படி ஒப்பிடுவது? விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் விழுக்காட்டை விட, சிறிய எழுத்தில் இருக்கும் மாத உச்சவரம்புதான் முக்கியம். புள்ளி என்றால் அதை வெள்ளிக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 10,000 ரிங்கிட் செலவழித்துச் சேர்த்த புள்ளிக்கு 50 ரிங்கிட் பற்றுச்சீட்டு என்றால், அது வெறும் அரை விழுக்காடு. ஆண்டுக் கட்டணமும் இருக்கிறது. அதோடு 2018 செப்டம்பரிலிருந்து ஒவ்வோர் அட்டைக்கும், துணை அட்டைக்கும்கூட, ஆண்டுக்கு 25 ரிங்கிட் சேவை வரி. ஒரு விழுக்காடு தரும் அட்டையில் 2,500 ரிங்கிட் செலவழித்தால்தான் அந்த வரியே ஈடாகும்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிடுவது வட்டி. 3,000 ரிங்கிட் பாக்கியைக் கட்டாமல் விட்டால், 18 விழுக்காட்டு வட்டியில் ஒரு மாதத்திற்கே 45 ரிங்கிட். மூன்று மாதம் சேர்த்த வெகுமதி ஒரே மாதத்தில் போயிற்று. குறைந்தபட்சமாக 5 விழுக்காடு கட்டுகிறோமே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த 150 ரிங்கிட்டில் 45 வட்டிக்கே போய்விடுகிறது என்பதை அறிக்கையைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கார் கடனுக்கு மனு செய்யும்போது வங்கி முதலில் பார்ப்பது பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். பதிவைத்தான். கடந்த 12 மாதங்களில் எந்தத் தவணை தவறியது, எந்த அட்டையில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அதில் தெரியும். காருக்காகப் புள்ளி சேர்க்கப் போய், அட்டைப் பாக்கியாலேயே கார் கடன் நிராகரிக்கப்படுவது எவ்வளவு பெரிய வேதனை! ஆண்டு வருமானம் 36,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்கள் இரண்டு நிறுவனங்களின் அட்டைகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பேங்க் நெகாரா 2011ல் விதித்ததும் இந்தச் சிக்கலை உணர்ந்துதான்.

மாதாமாதம் முழுத்தொகையையும் கட்டிவிடுபவருக்கு அட்டை நல்ல நண்பன். அவருக்குத் திரும்பும் 180 ரிங்கிட், ஒன்றரை லிட்டர் காருக்கு இரண்டு ஆண்டு சாலை வரி. அவ்வளவுதான் அதன் பலம். முன்பணத்தைத் தனிச் சேமிப்பில்தான் சேர்க்க வேண்டும். மாதம் 200 ரிங்கிட் ஒதுக்கினால் 25 மாதங்களில் 5,000 சேர்ந்துவிடும்.

ஏற்கெனவே அட்டைக் கடனில் சிக்கியவர்கள் புதிய அட்டை எடுத்துப் பழையதை அடைக்கப் பார்க்க வேண்டாம். 2006ல் தொடங்கப்பட்ட ஏ.கே.பி.கே. நிறுவனம் இலவசமாகக் கடன் ஆலோசனை தருகிறது. போகும்போது சம்பளச் சீட்டையும் எல்லா அட்டைகளின் அறிக்கைகளையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.