கொப்பி இல்லாவிட்டாலும் பிள்ளை படிக்கலாம்

(படுவான்கரைக் கிராமம் ஒன்றில், மீளக்குடியமர்ந்த பெற்றோருக்கான கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



தறப்பாள் கட்டுகிற வேலை, கிணறு இறைக்கிற வேலை, வளவு துப்புரவாக்குகிற வேலை எல்லாம் கிடக்க, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறீர்கள். நன்றி. நீட்டிப் பேச மாட்டேன்.

2007 மார்ச்சில் நாங்கள் ஆற்றைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினோம். வாகரைப் பக்கத்துச் சனம் அதற்கு முன்பே அலையத் தொடங்கிவிட்டது. மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். முகாமிலே கொட்டில் பாடசாலையும் பின்னேர வகுப்பும் நடந்தாலும், எங்கள் பிள்ளைகள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்பது உங்களுக்கே தெரியும். எந்த நேரம் எங்கே போவோமோ என்று இருக்கிற பிள்ளைக்கு எழுத்து மண்டையில் ஏறாது. அது பிள்ளையின் பிழை இல்லை.

“பாடசாலைக்குக் கூரை போடட்டும், ரீச்சர்மார் எல்லாரும் வரட்டும், பிறகு பார்ப்போம்” என்று சிலர் சொல்கிறீர்கள். 78ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கூரை பறந்த பாடசாலையில் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். கூரைக்காகக் காத்திருக்கிற மாதங்களில் பிள்ளை மறந்துகொண்டுதான் இருக்கும். எனக்கு மிகவும் பயம் சின்னப் பிள்ளைகளைப் பற்றியல்ல, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளைப் பற்றி. உயரத்தில் ஏழாம் ஆண்டு, வாசிப்பில் இரண்டாம் ஆண்டு. வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்னால் வெட்கம். அந்த வெட்கத்தினால் ஒரு நாள் நிற்பான், பிறகு ஒரு கிழமை. பிறகு வயலுக்கோ கடைக்கோ போய்விடுவான். பெண்பிள்ளை என்றால் அடுப்படியில் நின்றுவிடும்.

முதலில் உங்கள் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று நீங்களே பாருங்கள். “எனக்கு எழுத்துத் தெரியாது, நான் எப்படிப் பார்க்கிறது?” என்று ஒரு அம்மா கேட்டா. பார்க்கலாம். முகாமில் ஒரு பொடியன் என்னிடம் புத்தகத்தைக் கடகடவென்று வாசித்தான். பிறகுதான் விளங்கியது, பக்கத்துப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுப் பாடமாக்கி வைத்திருக்கிறான் என்று. ஆகவே மேலிருந்து கீழே வாசிக்க விடாதீர்கள். கடைசி வரியில் ஒரு சொல்லில் விரலை வைத்து “இது என்ன?” என்று கேளுங்கள். அதே மாதிரி உருவமுள்ள சொல் வேறு எங்காவது இருக்கும், அதிலும் விரலை வையுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே சொல்லைச் சொன்னால் பிள்ளை வாசிக்கிறது. வேறு வேறு சொன்னால் ஊகித்துச் சொல்கிறது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு எழுத்துத் தெரிய வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். தெரியவில்லை என்று கண்டால் அடிக்கவும் வேண்டாம், மற்றவர்கள் முன் சொல்லவும் வேண்டாம்.

அந்தப் பெரிய பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எறிந்துவிடும். ஆனால் “தங்கச்சிக்குச் சொல்லிக்கொடு மகன், எனக்கு நேரமில்லை” என்று கொடுங்கள். தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அவன் முதலில் தான் எழுத்துக்கூட்டிப் பார்க்க வேண்டும். வெட்கமில்லாமல் படித்துவிடுவான். வீட்டில் சின்னப் பிள்ளை இல்லையென்றால் பக்கத்து வளவில் இருக்கும்.

இனிச் சாமான்கள். கொப்பி பென்சில் போதாது என்பது உண்மை. ஆற்று மணலை ஒரு தட்டிலோ நிலத்திலோ பரப்பினால் எழுதலாம், அழிக்கலாம். எங்கள் ஆட்கள் ஏடு தொடக்கினதும் அரிசியிலும் மணலிலும்தானே. தகரத் துண்டில் கரிக்கட்டியால் எழுதலாம், விளிம்பு கையை வெட்டாமல் மடித்து அடித்துக் கொடுங்கள். கணக்குக்குத் தென்னை ஈர்க்கு இருக்கிறது. பத்து ஈர்க்கை ஒரு கட்டாகக் கட்டி, மிச்சத்தைத் தனியாக வையுங்கள். முப்பத்திநான்கு என்றால் மூன்று கட்டு, நான்கு ஈர்க்கு. அதிலிருந்து எட்டை எடுக்கச் சொன்னால் பிள்ளை ஒரு கட்டைப் பிரிக்க வேண்டி வரும். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்று கரும்பலகையில் விளங்காதது அந்தக் கட்டைப் பிரிக்கிறபோது விளங்கும்.

ஒன்றை மறக்க வேண்டாம். புளியங்கொட்டை, சிப்பி, கம்பு என்று பொறுக்கப் பிள்ளைகளைப் பற்றைக்குள் அனுப்பாதீர்கள். உங்கள் கண்ணுக்கு முன்னால் துப்புரவாக்கின வளவுக்குள் கிடைப்பது போதும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைக்கு அப்பால் யாரும் போகக் கூடாது. பலகை இல்லாத இடத்திலும் தெரியாத இரும்புச் சாமானைத் தொடக் கூடாது, தட்டக் கூடாது, கல்லெறியக் கூடாது. கண்ட இடத்திலிருந்து வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். நீங்கள் கிராம சேவையாளருக்கோ மிதிவெடி அகற்றுகிற குழுவுக்கோ அறிவியுங்கள். இதையும் பாடம் போலப் பிள்ளையிடம் தினமும் கேளுங்கள்.

வாசிப்பதற்கு என்ன இருக்கிறது? நிவாரண அட்டை இருக்கிறது. மாப் பையிலும் எண்ணெய்த் தகரத்திலும் எழுத்து இருக்கிறது. சங்கக் கடைக்குப் போகும்போது சாமான் துண்டைப் பிள்ளை எழுதட்டும், மிச்சக் காசையும் பிள்ளையே எண்ணட்டும். ஐயாமார் ஆற்றில் பிடித்த இறாலை நிறுத்துக் கொடுக்கிறபோது கணக்கை மகனிடம் விடுங்கள். பிழையாகச் சொன்னால் வியாபாரி திருத்துவார், அவன் பிறகு ஒருநாளும் பிழைவிட மாட்டான்.

கதைப் புத்தகமில்லை என்கிற கவலை வேண்டாம். அம்மம்மா சொல்கிற கதையை, நொடியை, தாலாட்டைப் பிள்ளை கேட்டு எழுதட்டும், நான்கு வரி போதும். அடுத்த நாள் அதை அம்மம்மாவுக்கே வாசித்துக் காட்டட்டும். பிழையாக வாசித்தால் எழுத்துத் தெரியாத அம்மம்மாவே பிடித்துவிடுவா, அது அவவின் கதை! பழைய சீமெந்துப் பைத் தாளை வெட்டித் தைத்தால் அதுவே புத்தகம். இந்தப் பக்கத்தில் கூத்துப் பழகாத ஊர் உண்டா? அண்ணாவியார் கொப்பியைப் பார்த்து ஒரு அடி சொல்லச் சொல்ல, எழுத்துத் தெரியாதவர்களும் விடிய விடிய ஆடுகிற கூத்தை முழுக்கப் பாடமாக்கினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் “உனக்குப் படிப்பு ஏறாது” என்று சொல்கிறோம்.

நேரம் அரை மணித்தியாலம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே நேரம். முடிந்தால் வெளிச்சம் இருக்கும்போதே முடியுங்கள். குப்பி விளக்கு சரிந்து பிள்ளைகள் எரிந்த கதை இந்த நாட்டில் ஏராளம். அதனால்தான் டொக்டர் விஜய கொடகும்புர என்ற சத்திரசிகிச்சை நிபுணர், சரியாத விளக்கொன்றை உருவாக்கி, அதற்காக 1998இல் உலகப் பரிசும் பெற்றார். கட்டையான, பாரமான, உருளாமல் இருக்க இரண்டு பக்கம் தட்டையான போத்தல், திருகி மூடுகிற உலோக மூடி. அவர் முதலில் எடுத்துப் பார்த்தது குள்ளமான மார்மைட் போத்தலைத்தான். உங்களுக்கும் விளக்கு வேண்டுமென்றால் நெட்டைப் போத்தலை விட்டுவிட்டுக் குள்ளமானதை எடுங்கள். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். பிள்ளை பாயில் படுத்துப் படிக்கும்போது விளக்கைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சில பிள்ளைகள் இரவில் திடுக்கிட்டு எழும்பும், பாயில் சலம் போகும், பேசாமல் ஒதுங்கி இருக்கும். அந்தப் பிள்ளைக்குப் படிப்பை விட முதலில் விளையாட்டும் அணைப்பும் வேண்டும். மாதக்கணக்காகத் தொடர்ந்தால் வகுப்பாசிரியரிடமும் ஆஸ்பத்திரியிலும் சொல்லுங்கள்.

வீட்டுப் படிப்பு பாடசாலைக்குப் பதிலில்லை. 5 வயதிலிருந்து 16 வயதுவரை பிள்ளை பாடசாலைக்குப் போக வேண்டுமென்பது சட்டம். அறுவடைக் காலத்தில் வயல் காவலுக்கு மகனை நிறுத்தாதீர்கள். தாய் வெளிநாட்டில் என்றால் சமையலுக்கு மூத்த மகளை நிறுத்தாதீர்கள், ஐயாமார் கொஞ்சம் அடுப்படிக்குள் வரலாம், ஒன்றும் குறைந்துவிடாது. பாடப் புத்தகம் அரசாங்கம் இலவசமாகத் தருவது. இடம்பெயர்வில் தொலைந்திருந்தால் அதிபரிடம் கேளுங்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். பின்தங்கிய பிள்ளைக்குப் பரிகார வகுப்பு உண்டா என்றும் கேளுங்கள். பத்திரம் இல்லையென்று பிள்ளையை வீட்டில் வைத்திருக்க வேண்டாம். முதலில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போங்கள். பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிறப்புப் பதிந்த பகுதியின் பிரதேச செயலகத்தில் பிறகு எடுக்கலாம்.

இப்போது பிறப்புச் சான்றிதழ் தொலைந்தவர்கள் இந்த மரத்தடிக்கு வாருங்கள், பிள்ளையின் பெயரும் பிறந்த திகதியும் பிறந்த இடமும் சொன்னால் விண்ணப்பம் நிரப்பித் தருவோம். பாடசாலையை விட்டு நின்ற பிள்ளை உள்ளவர்கள் என்னிடம் தனியே வந்து சொல்லுங்கள். எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டாம்.