அயல்நாட்டு இரவு விருந்துகளும் மாணவர் நட்பும்

 

வெளிநாடு சென்று பயில விழையும் மாணவர்க்குச் சில சொற்கள் கூறுமாறு எங்களைப் பணித்துள்ளீர்கள். உதவித்தொகை பெறும் வழியைச் சொல்வார் பலர் உளர். சென்று சேர்ந்தபின் தனிமையை வெல்லும் வழியைச் சொல்வார் சிலரே. ஆகவே அதனைப் பற்றியே பேச எண்ணுகிறோம்.

ஐரோப்பாவில் 'எராஸ்மஸ்' என்னும் மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987ஆம் ஆண்டு தொடங்கிற்று. முதலாண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர்கள் அதன்வழி அயல்நாடு சென்றனர். புதிய ஊரில் துணையின்றித் திகைக்கும் மாணவர்க்கு மாணவரே உதவ வேண்டும் என்னும் நோக்கத்துடன், 1989இல் எராஸ்மஸ் மாணவர் வலையமைப்பு தோன்றியது. இன்று 40க்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் தொண்டர்கள் மொழிப் பரிமாற்ற மாலைகளையும், பன்னாட்டு உணவு விருந்துகளையும், நடன இரவுகளையும் நடத்துகின்றனர்.

அத்தகைய இரவுகள் பலவற்றை நாங்களும் கண்டோம். 2014ஆம் ஆண்டு, ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் பரிமாற்ற மாணவராகச் சென்று சேர்ந்தோம். 1666இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம் அங்குள்ளது. முதல் மூன்று வாரங்களில் நாங்கள் செல்லாத நடன இரவு இல்லை. பெயர் என்ன, நாடு எது, பாடம் யாது என்னும் மூன்று கேள்விகளே எங்கும். இசையின் பேரொலியில் மூன்றாவது விடை காதில் விழாது. கைப்பேசியில் நூறு பெயர்கள் சேர்ந்தன. ஆயினும் எங்களில் ஒருவர் காய்ச்சலில் கிடந்த நாளில், ஒரு குவளை வெந்நீர் கொணர்ந்து தருமாறு அழைக்க அந்நூற்றில் ஒரு பெயரும் மனத்தில் எழவில்லை. அறிமுகம் வேறு, நட்பு வேறு என்பதை அன்றுதான் உணர்ந்தோம்.

லுண்ட் நகர மாணவர் வாழ்வின் நடுவிடம் 'நேஷன்' எனப்படும் மாணவர் மன்றங்கள் ஆகும். அவை பதின்மூன்று. ஸ்வீடனின் மாநிலங்கள், ஊர்கள் ஆகியவற்றின் பெயர்களைத் தாங்கியவை. முற்காலத்தில் ஒரு மாணவர் எம்மண்ணில் பிறந்தாரோ அம்மண்ணின் மன்றத்திலேயே சேர்ந்தார். இன்றோ எவரும் தாம் விரும்பும் மன்றத்தில் சேரலாம். பிறப்பைக் கொண்டு அமைந்த கதவு, விருப்பத்தைக் கொண்டு திறக்கும் கதவாயிற்று. அக்கதவின் அருமையை இந்த அவைக்கு நாங்கள் விளக்க வேண்டுவதில்லை.

இம்மன்றங்களில் 'சிட்னிங்' என்னும் இரவு விருந்து நடைபெறும். நீண்ட மேசைகளின் இருபுறமும் மாணவர் அமர்வர். பாட்டுப் புத்தகத்தைக் கையில் ஏந்தி, உணவு வகைகளுக்கு இடையிடையே அனைவரும் சேர்ந்து பாடுவர். முதல் விருந்தன்று எங்களில் ஒருவர் வாயிலிலேயே நின்றுவிட்டார். எந்த முள்கரண்டியை முதலில் எடுப்பது என்று அறியோம், இது நமக்குரிய இடமன்று என்று அவர் தயங்கினார். அழைத்துச் சென்று அமர்த்தியபின் கண்டது என்ன? இத்தாலியரும் பிரேசில் நாட்டவரும் தத்தம் அண்டை இருக்கையாளரின் கையைப் பார்த்தே உண்டனர்! அறியாமை நமக்கு மட்டும் உரியதன்று என்று தெளிந்ததும் அச்சம் அகன்றது.

ஆயினும் நட்பு முளைத்தது மேசையில் அன்று, சமையலறையில்தான். இவ்விருந்துகளைச் சமைப்போரும் பரிமாறுவோரும் மாணவர்களே. நவம்பர் மாதம் பிறந்து, மாலை நான்கரை மணிக்குள் இருள் சூழத் தொடங்கிய நாட்களில், நாங்களும் அப்பணிக்குப் பெயர் கொடுத்தோம். உருளைக்கிழங்கு தோல் சீவினோம். நள்ளிரவு வரை தட்டுக் கழுவினோம். பேருந்தில் அருகமர்ந்தும் வாய் திறவாத ஸ்வீடன் மாணவர்கள், ஈரத்தட்டைத் துடைத்தவாறே தம் வீட்டையும் தாய் தந்தையரையும் பற்றிப் பேசினர். உழைத்தவர்க்கென மன்றம் பின்னர் நன்றி விருந்து ஒன்றை அளித்தது. அன்று மேசையில் அமர்ந்திருந்தோரில் அயலார் எவரும் எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது மருந்தும் வந்தது, ரொட்டியும் வந்தது.

மாணவச் செல்வங்களே! எங்கள் பட்டறிவிலிருந்து மூன்று சொற்களை மட்டும் விட்டுச் செல்கிறோம். முதலாவது, விழாக்களுக்குச் செல்லுங்கள். அறையைப் பூட்டிக்கொண்டு இராதீர். மது அருந்தாதவர் வேறு பானம் கேட்டுப் பெறலாம். எங்களில் அருந்தாதவர் இருந்தனர். அதனால் அவர்களுக்கு ஒரு நண்பரும் குறையவில்லை. இரவில் திரும்புகையில் மட்டும் கூட்டத்தோடு திரும்புங்கள். இரண்டாவது, இன்று அறிமுகமானவரை அவ்வாரத்திலேயே பகல் ஒளியில் ஒரு குவளை காப்பிக்கு அழையுங்கள். இரண்டாம் சந்திப்பு இல்லையேல் முதற் சந்திப்பு வீணே. மூன்றாவது, விருந்தினராகவே நின்றுவிடாதீர்; ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். பணம் செலவிட்டு விருந்துக்குச் செல்ல இயலாத மாணவர்க்கும் இவ்வழி திறந்தே உள்ளது.

உடன் உண்பதால் அறிமுகம் பிறக்கிறது. உடன் உழைப்பதால் நட்பு வளர்கிறது. இதனை நெஞ்சிற் கொண்டு செல்வோர் எந்நாட்டிலும் தனியராகார்.